கலங்களின் கதை – 23: கோடைக் கிண்ணம்

அக்னி நட்சத்திரம் பிறந்து நாலாம் நாள். பாமணி ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. ஜப்பானில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் விடுப்பில் மன்னார்குடி வந்திருந்தான். பயணப் பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே எடுத்தது ஒரு மரப்பெட்டி. அதற்குள் ஒரு துணிப் பை, பைக்குள் ஒரு கிண்ணம். எங்கள் வீட்டில் தாலிக்கொடியைக்கூட இவ்வளவு பொத்தி வைத்ததில்லை.

அத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வயது எண்பத்திரண்டு. பாத்திரக் கடைக்காரன் எவனும் இன்றுவரை அவளை ஏமாற்றியது கிடையாது.

“விளிம்பு ஒரு பக்கமா எறங்கியிருக்கேடா. தள்ளுபடியில குடுத்தானா?”

“இல்ல பாட்டி, கையால புடிச்சது. அப்படித்தான் இருக்கும்.”

“பேரு என்ன இதுக்கு?”

“சாவான்.”

“சீ! வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன வார்த்தை இது!”

பயல் சொன்னது சரிதான். ஜப்பான் மொழியில் ‘சா’ தேயிலை, ‘வான்’ கிண்ணம். நம் சாயாவில் இருப்பதும் அதே சா. தேநீரில் உள்ள ‘தே’ மட்டும் வேறு வழி: சீனத்தின் ஃபூஜியன் கடற்கரைப் பேச்சில் இருந்து டச்சு வணிகர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்ப் பரப்பிய சொல். செடி என்னவோ ஒன்றுதான். அத்தையை உத்தேசித்து நான் இனிக் கிண்ணம் என்றே எழுதுகிறேன்.

சென்ற வாரம் பெரியபட்டினத்து மணலில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளோடு நிறுத்தியிருந்தேன். அவற்றின் உடன்பிறப்புகள் ஜப்பானில் என்ன ஆயின என்பது இந்த வாரக் கதை. அத்தையின் கேள்விகள் குறுக்கே விழுந்துவிட்டதால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போவோம்.

பையன் கொண்டுவந்தது கோடைக் கிண்ணம். வாய் ஒரு சாண் அகலம் இருக்கும், உயரம் மூன்று விரற்கடைதான். தாம்பாளத்துக்குத் தம்பி என்று சொல்லலாம். ஜப்பானியத் தேநீர்ச் சடங்குக்கு ஆண்டு இரண்டு பாதி. நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை தரையில் பதித்த அடுப்பு. விருந்தாளிக்குக் குளிர் காயவும் அது ஆகும். மே மாதம் பிறந்ததும் அதை மூடிவிட்டு, கையால் தூக்கி வைக்கும் கணப்புச் சட்டியை விருந்தாளிக்கு எட்டத் தள்ளி வைப்பார்கள். அது அக்டோபர் வரை. நமக்குக் கத்திரி பிறக்கும் அதே மே முதல் வாரத்தில் அங்கே அடுப்பு இடம் மாறுகிறது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். அடுப்பு மாறினால் கிண்ணமும் மாற வேண்டும். கடுங்குளிர் மாதத்துக்கு உருளை போல் உயர்ந்து வாய் குறுகிய கிண்ணம். சூடு உள்ளேயே தங்கும். வெயில் மாதத்துக்கு இந்த அகல வாய். பச்சைத் தூளைக் கலக்கி நுரைக்கவைத்த தேநீர் கோடையிலும் சூடாகத்தான் வரும். மேற்பரப்பு அகலமானால் ஆவி சீக்கிரம் போகும், உதட்டுக்கு வரும்போது பதமாக இருக்கும்.

இதில் நமக்குப் புரியாதது ஒன்றுமில்லை. டவரா என்ன செய்கிறது? டம்ளரில் இருக்கும் கொதிகாப்பியை அகல வாயில் கொட்டி, மறுபடி டம்ளருக்கு ஏற்றி, நாலு தரம் ‘ஆற்றி’க் குடிக்கிறோம். ஜப்பானியன் ஒரே கலத்தில் முடிப்பதை நாம் இரண்டு கலமும் ஒரு முழக் காற்றும் வைத்து முடிக்கிறோம். பசியாற்றவும் துக்கம் ஆற்றவும் காப்பி ஆற்றவும் நமக்கு ஒரே வினைச்சொல் போதுமாக இருப்பதைத் தஞ்சாவூர்க்காரர்கள் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

நமக்குப் பழக்கமில்லாத சங்கதி ஒன்று அவர்களிடம் உண்டு. கோடைச் சடங்கு ஒன்றில், தேநீர் போடுகிறவர் அந்த அகலக் கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி, துடைக்கும் வெள்ளைத் துணியை அதிலேயே ஊறப்போட்டுக் கொண்டுவருவார். வழக்கமாக உள்ளேயே பிழிந்து மடித்து எடுத்துவர வேண்டிய துணி அது. இங்கே விருந்தாளிகளின் எதிரில் துணியைத் தூக்கி மெல்லப் பிழிகிறார். சொட்டு, சொட்டு, பிறகு ஒரு சிறு ஒழுக்கு. துணியை மடித்து வைத்துவிட்டுத் தண்ணீரைக் கழிநீர்க் கலத்தில் சாய்க்கிறார். விருந்தாளிகள் பேசாமல் இருந்து அந்த ஓசையைக் கேட்கிறார்கள். இவ்வளவுதான் சடங்கு. குளிர்ச்சி காதுக்கு வருகிறது. பையன் இதை எங்கள் கூடத்தில் செம்புத் தண்ணீரும் ஒரு கைக்குட்டையும் வைத்துச் செய்து காட்டினான். மின்சாரம் போயிருந்த நேரம். விசிறிக்கொண்டிருந்த அத்தையின் கை ஒரு கணம் நின்றது. அகலக் கிண்ணம் எதற்கு என்பதும் அப்போது விளங்கியது: ஆழமான கலத்தில் சொட்டின் ஓசை அமுங்கிப்போகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உராசென்கே என்ற தேநீர்ப் பரம்பரையின் பதினோராம் தலைவர் கெங்கென்சாய் இன்னொரு கோடை வழக்கத்தைக் கொண்டுவந்தார். தண்ணீர்க் கலத்துக்கு மூடியாகப் பச்சை இலை, அதன்மேல் நீர்த்துளிகள். வாழையிலையில் தண்ணீர் தெளித்து உட்காரும் ஊரில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கோணல் விளிம்பை விளக்க வேண்டியிருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டு வரை ஜப்பானிய மேட்டுக்குடியினர் கொண்டாடியது சீனக் கிண்ணங்களைத்தான். மாசு மறுவற்ற வடிவம், கண்ணாடி போன்ற மெருகு. முராத்தா ஜுகோ (1423–1502) என்ற துறவி அந்தப் பளபளப்பில் அலுத்துப்போய் எளிய கலங்கள் பக்கம் திரும்பினார். அவர் வழியை முழுமைப்படுத்தியவர் சென் நோ ரிக்யூ (1522–1591). சாக்காய் என்ற துறைமுக ஊரின் வணிகர் வீட்டுப் பிள்ளை. நாகப்பட்டினத்து மரைக்காயர் வீட்டுப் பிள்ளை என்று மனத்துக்குள் மாற்றி வைத்துக்கொண்டால் தப்பில்லை. ரிக்யூ சோஜிரோ என்ற கைவினைஞரைப் பிடித்து, சக்கரம் சுற்றாமல் கையாலேயே பிடித்த கிண்ணங்களைச் செய்யச் சொன்னார். கறுப்பும் சிவப்புமாக, தடித்த சுவரோடு, இரு உள்ளங்கை சேர்ந்தால் வரும் குழிவைப் போல வந்தன அவை. பின்னால் ‘ராக்கு’ என்று பெயர் பெற்ற கிண்ணங்கள் இவையே. ரிக்யூவின் புரவலராக இருந்த ஹிதேயோஷி என்ற பெருந்தலைவரே 1591இல் அவரை வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும்படி ஆணையிட்டார். காரணம் இன்றுவரை வாதத்தில் இருக்கிறது.

அதே ஹிதேயோஷி 1592இல் கொரியாமீது படையெடுத்தார். 1598 வரை நடந்த அந்தப் போரில் ஜப்பானியப் பிரபுக்கள் கொரியக் குயவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். குயவர்களுக்காக நடந்த போர் என்றே ஜப்பானில் இதற்கு ஒரு பெயர் உண்டு. லீ சக்குவாங், லீ கியோங் என்ற சகோதரர்கள் மோரி என்ற பிரபுவின் ஆட்கள் ஆனார்கள். அந்தப் பிரபு 1604இல் ஹாகி என்ற ஊருக்கு இடம் மாறியபோது அவர்களும் போய்ச் சூளை போட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த கிண்ணம் அந்த ஹாகி வகை. சக்கரவர்த்தி போரில் தோற்றார், சூளைகள் தங்கிவிட்டன என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் ஹிதேயோஷி சக்கரவர்த்தி ஆனதே இல்லை என்பதால் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

தேநீர்க்காரர்கள் உச்சியில் வைத்துக் கொண்டாடிய ‘இதோ’ கிண்ணங்களும் கொரியாவில் செய்தவையே. அவற்றில் தலையானது கியோட்டோவில் தைத்தோகுஜி மடத்தைச் சேர்ந்த ஓர் ஆலயத்தில் இருக்கிறது. யானகி சோயெத்சு என்ற கலை எழுத்தாளர் 1931இல் அதைப் பார்க்கப் போனார். பெட்டிக்குள் பெட்டியாக ஐந்து பெட்டி, அதற்குள் ஊதாப் பட்டில் சுற்றி வைத்திருந்தார்களாம். ஏழைக் குடியானவன் சோறு தின்ற மலிவான கிண்ணம் இது, அதனால்தான் இவ்வளவு அழகு என்ற கருத்தில் எழுதினார் யானகி. சோற்றுக் கிண்ணம் என்பதைப் பின்னாள் ஆய்வாளர் சிலர் ஏற்பதில்லை. சடங்குக் கலமாக இருக்கலாம் என்கிறார்கள். நெல் விளையும் ஊரில் பிறந்த நான் யானகி கட்சி.

ஹாகி கிண்ணத்தின் மேலே ஆடை படிந்த பால் போல ஒரு வெள்ளை மெருகு இருக்கிறது. அது எதில் இருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. வைக்கோல். நெல் அறுத்த வைக்கோலைக் கரியாக எரித்து, தண்ணீரில் ஊறவைத்துக் காரத்தை வடித்து, உரலில் இடித்து, பாறைப் பொடியும் விறகுச் சாம்பலும் சேர்த்துக் கரைத்துப் பூசுகிறார்கள். நெற்பயிர் மண்ணில் இருந்து சிலிக்காவை உறிஞ்சித் தாளிலும் உமியிலும் சேர்த்து வைக்கும். வைக்கோல் சாம்பலில் ஏறக்குறைய முக்கால் பங்கு அதுதான்; உமிச் சாம்பலில் தொண்ணூறு விழுக்காட்டைத் தொடும். சூளைச் சூட்டில் அந்தச் சிலிக்கா முழுக்க உருகாமல் நுண்துளிகளாகத் தங்கி ஒளியைச் சிதறவைக்கும். அதனால் வெள்ளை.

வைக்கோலுக்கும் உமிக்கும் நம்மிடம் என்ன பஞ்சம்? குறுவை, சம்பா, தாளடி என்று முப்போகமும் பார்த்த பூமி. நம் குயவரும் வைக்கோலைப் பயன்படுத்தினார்கள். அடுக்கிய பானைகளின் மேல் வைக்கோலைப் பரப்பிச் சேற்றால் மெழுகித்தான் சூளை மூட்டுவார்கள். எரிந்த சாம்பல் தரையில் தங்கியது. மீதி பாத்திரம் துலக்கவும் பல் துலக்கவும் போயிற்று. பானையின் மேல் ஏறவில்லை. அறிவுக் குறைவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சாம்பல் உருகி மெருகாவதற்கு ஆயிரத்து இருநூறு பாகைக்கு மேல் சூடு வேண்டும். நம் சூளை எண்ணூறைத் தாண்டுவதே அரிது. தாண்டினாலும் காவிரி வண்டல் இரும்புச் சத்து மிகுந்த மண். அந்தச் சூட்டில் உப்பிச் சரிந்து உட்கார்ந்துவிடும். மெருகில்லாததால்தான் நம் பானை கசிந்து, கசிந்ததால் தண்ணீரைக் குளிரவைத்தது. கோடைக்கு நாம் கண்ட கலம் அது.

அத்தை கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பையைக் கையில் எடுத்தாள். கிண்ணத்தைத் தடவியதைவிடத் துணியைத் தடவிய நேரம் அதிகம். கருநீலத்தில் மெல்லிய சிவப்புப் பட்டைகள் ஓடும் பருத்தி.

“இது நம்ம பக்கத்துத் துணி மாதிரியே இருக்கே.”

துணி ஜப்பானில் நெய்தது. ஆனால் அத்தையின் விரல் பொய் சொல்லவில்லை. இந்தப் பட்டைத் துணிக்கு ஜப்பானில் வழங்கிய பெயர் ‘சாந்தோமே’. மயிலாப்பூரை ஒட்டிய போர்த்துக்கீசியரின் சாந்தோம்தான் அது. சோழமண்டலக் கரையில் இருந்து கப்பலேறிய பட்டைப் பருத்தி அந்தப் பெயரோடு போய் இறங்கியது. பூவேலைச் சாயத் துணிகளுக்கு ‘சரசா’ என்று பெயர். 1641க்குப் பிறகு ஜப்பானில் வணிகம் செய்ய அனுமதி பெற்ற ஒரே ஐரோப்பியர் டச்சுக்காரர்கள், அதுவும் நாகசாகியில் தேஜிமா என்ற ஒரு சிறு தீவில் அடைபட்டு. அவர்கள் சோழமண்டலத் துணியை பத்தாவியா வழியாக அங்கே கொண்டுபோனார்கள். தேநீர்க்காரர்கள் அதன் துண்டு துணுக்குகளைக்கூட விடவில்லை. தூள் டப்பிக்குப் பை, கிண்ணத்துக்குப் பை, பெட்டிக்குச் சுற்றுத்துணி. 1778இல் சரசா வடிவங்களுக்கென்றே ஜப்பானில் ஒரு நூல் அச்சாயிற்று. ஹிகோனே பிரபு குடும்பம் சேர்த்து வைத்த 450 துண்டுகள் இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இந்த டச்சுக்காரர்கள் நமக்குத் தூரத்தவர்கள் இல்லை. 1658இல் போர்த்துக்கீசியரை விரட்டி நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். தஞ்சையில் அப்போது விஜயராகவ நாயக்கர். ராஜகோபாலனிடம் உயிரை வைத்திருந்தவர். மன்னார்குடிக் கோயிலின் இன்றைய பிரமாண்டத்தில் பெரும்பங்கு அவர் கைங்கரியம். ‘மன்னார்குடி மதிலழகு’ என்று சொல்லிக்கொள்கிறோமே, அந்த அழகுக்கு நன்றி சொல்ல வேண்டியவர்களில் ஒருவர். நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கடை விரிப்பதற்கு அவரோடு பேசி முடிக்க வேண்டியிருந்தது. 1690இல் அவர்கள் தங்கள் சோழமண்டலத் தலைமையிடத்தையே பழவேற்காட்டில் இருந்து நாகைக்கு மாற்றிக்கொண்டார்கள். 1781இல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை அங்கேதான் இருந்தது. நாகையில் கப்பலேறிய மூட்டைகளில் எந்தத் துண்டு எந்தக் கிண்ணத்தின்மேல் போய்ச் சேர்ந்தது என்று நூல் பிடித்துக் காட்ட முடியாது. ஆனாலும் கியோட்டோவில் ஒரு கிழவர் கிண்ணத்தை எடுக்கும்போது அவர் விரலில் முதலில் பட்டது இந்தக் கரையின் நூல் என்பது எனக்குப் போதும்.

இனி ஓடுகளுக்கு வருவோம். நொபொரு கராஷிமாவை (1933–2015) இந்தத் தொடரில் பலமுறை சந்தித்துவிட்டோம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, சோழர் கல்வெட்டுகளில் வாழ்நாளைக் கழித்து, எ. சுப்பராயலுவோடு சேர்ந்து அவற்றின் பெயர்களுக்கே அடைவு தயாரித்தவர். 1995இல் தஞ்சையில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத் தலைவர் அவர்தான். 1980களில் அவர் பெரியபட்டினத்துக் காட்டில் பொறுக்கிய ஓடுகளில் லோங்சுவான் சூளைகளின் பச்சைப் பீங்கானும் உண்டு. கீறல் விழுந்த பாசிநிற ஓடு. ஒரு ஜப்பானியர் அதைக் கையில் எடுத்ததும் எதை நினைத்திருப்பார் என்று ஊகிக்கலாம்.

அதே லோங்சுவானில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சுட்ட ஒரு கிண்ணம் தோக்கியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அஷிகாகா யோஷிமாசா என்ற ஆட்சித் தலைவரிடம் இருந்தபோது அது விரிசல் விட்டது. இதே போல் ஒன்று அனுப்புங்கள் என்று சீனத்துக்கே திருப்பி அனுப்பினாராம். அங்கே அதற்கு ஈடாக ஒன்று அப்போது இல்லை. விரிசலுக்கு உலோக ஆணிகள் அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆணிகள் பார்வைக்கு வெட்டுக்கிளி உட்கார்ந்தது போல இருக்கும் என்று கிண்ணத்துக்கே அப்படி ஒரு பெயர் வந்துவிட்டது. தெருவில் ஈயம் பூசவும் ஓட்டை அடைக்கவும் வந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆணி அடித்த கலம் புதிதில்லை. நாம் அடைத்தது பித்தளை அண்டாவை. உடைந்த பீங்கானைக் குப்பைமேட்டில் போட்டோம், அதனால் ஆராய்ச்சியாளருக்கு ஓடு கிடைத்தது.

ஏன் போட்டோம் என்பதற்கு என்னிடம் ஒரு சொல்தான் இருக்கிறது: எச்சில். ஜப்பானில் கெட்டித் தேநீரை ஒரே கிண்ணத்தில் கலக்கி, ஒருவர் குடித்த இடத்தைத் துடைத்து அடுத்தவருக்குத் தருவார்கள். வாய் மாறி வாய் போவதே அங்கே மரியாதை. ஹாகி கிண்ணத்தின் நுண்கீறல்களில் தேநீர் ஊறி வருஷாவருஷம் நிறம் மாறுவதை ஏழு வேஷம் என்று சொல்லிக் கொண்டாடுகிறார்கள். நமக்கோ மண்கலத்தில் வாய் பட்டால் அது போயிற்று. தேய்த்தாலும் போகாது, ஊறியிருக்கும். அதனால்தான் வெண்கலம், பித்தளை, பிறகு எவர்சில்வர். அதிலும் விளிம்பில் உதடு படாமல் அண்ணாந்து. போகிக்குப் பழம்பானை போய்விடும், தீட்டு வந்தாலும் போய்விடும். ஓராண்டு ஆயுளுக்குச் செய்த கலத்தில் எந்தக் குயவர் கையெழுத்துப் போடுவார்?

இது வெறும் சுத்தம் சார்ந்த விஷயமாக இருந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இதே எச்சில்தான் டெல்டாவின் டீக்கடைகளில் சிலருக்குக் கண்ணாடி டம்ளரும் சிலருக்குச் சிரட்டையுமாக நின்றது. இரட்டைக் குவளை என்ற சொல் நம் மொழியில் பிறந்தது அப்படித்தான். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரப் பண்ணைகளில் சேரித் தொழிலாளியின் வாயில் சாணியைக் கரைத்து ஊற்றியதற்கும் ஒரு கலம் இருந்திருக்கும். சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்று 1940களில் பி. சீனிவாசராவும் விவசாயத் தொழிலாளர்களும் போராடியது இந்த வயல்களில்தான். கலங்களின் கதை எழுதுகிறவன் அந்தக் கலத்தைத் தாண்டிப் போக முடியாது. அதை எந்த அருங்காட்சியகத்திலும் நான் பார்த்ததில்லை.

மறுநாள் உச்சி வெயில். அத்தை நீர்மோரில் இஞ்சியும் கறிவேப்பிலையும் நசுக்கிப் போட்டுக் கலக்கினாள். புதுக் கிண்ணத்தில்தான் குடிப்பேன் என்றாள். பையன் பதறிப்போய் முறை சொல்லிக் கொடுத்தான்: இடது உள்ளங்கையில் வைக்க வேண்டும், வலது கையால் அணைக்க வேண்டும், முகப்பு உதட்டில் படாமல் கொஞ்சம் திருப்பிவிட்டு, விளிம்பில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும்.

“வாய வெச்சா? எச்சப் பண்ணிட்டுத் திரும்பப் பெட்டிக்குள்ள வைக்கிறதா?”

கிண்ணத்தை உயரத் தூக்கி அண்ணாந்தாள். ஒரு சாண் அகல வாயில் இருந்து மோர் ஒரே வீச்சாக இறங்கியது. பாதி வாய்க்குள், பாதி கழுத்து வழியாக ரவிக்கைக்குள். பையன் துண்டு எடுக்க ஓடினான். அத்தை கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“குளுமையாத்தாண்டா இருக்கு” என்றாள்.

(தொடரும்)